அட்டைப்படத்துச் சுவர்

பேராசிரியர் டீ குடிப்பதைப் பார்ப்பதற்கென்றே இறையியல் கல்லூரி கேன்டீனில் மாணவர்கள் கூட்டம் போடுவார்கள். முதலில் கிளாஸை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, கைரேகை தேடும் போலீஸ்காரரைப் போலச் சுற்றிச் சுற்றிப் பார்ப்பார். பிறகு முகர்வார். பிறகு தன் சொந்தக் கைக்குட்டையால் விளிம்பைத் துடைப்பார். அதற்குள் டீ ஆறி ஏடு கட்டிவிடும். ஏட்டைக் கண்டதும் தொண்டைக்குள்ளிருந்து "உவ்வே" என்று ஒரு சத்தம் கிளம்பும். கிளாஸ் மேசைக்குத் திரும்பிவிடும். வேலைக்குச் சேர்ந்த காலத்திலிருந்து இந்த மனிதர் ஒரு கிளாஸ் டீயை முழுசாகக் குடித்ததில்லை என்று கேன்டீன்காரர் யார் தலையில் வேண்டுமானாலும் அடித்துச் சத்தியம் செய்யத் தயாராக இருந்தார்.

ஈரத்துண்டு, பிறத்தியார் சீப்பு, பஸ் கம்பி, சோப்பில் ஒட்டிய முடி, பக்கத்தில் உட்கார்ந்தவரின் மூச்சு, எல்லாமே அவருக்குக் குமட்டும். கைகுலுக்கினால் கைகழுவுவார். கழுவி முடித்ததும், குழாயைத் தொட்டுவிட்டோமே என்று மறுபடி கழுவுவார். அந்தக் கல்லூரியின் தண்ணீர்த் தட்டுப்பாட்டுக்கே அவர்தான் காரணம் என்று ஒரு பேச்சு உண்டு.

இப்பேர்ப்பட்டவர் ஆயுளைக் கொட்டி எதை ஆராய்ச்சி செய்தார் என்று கேட்டால் சிரிப்பீர்கள். பூஞ்சையை.

பைபிளின் பழைய ஏற்பாட்டில், லேவியராகமம் பதினான்காம் அதிகாரத்தில் வீட்டுச் சுவரைப் பற்றி ஒரு சட்டம் இருக்கிறது. சுவரில் பச்சையாகவோ சிவப்பாகவோ குழி விழுந்த திட்டு தென்பட்டால் வீட்டுக்காரன் போய்க் கோயில் குருவான ஆசாரியனிடம் சொல்ல வேண்டும். அவர் உள்ளே வருவதற்கு முன்பே வீட்டைக் காலி செய்துவிட வேண்டும். அவர் பார்ப்பார், பூட்டுவார், மறுபடி பார்ப்பார். பரவியிருந்தால் கல்லைப் பிடுங்கி, சுவரைச் சுரண்டி, எல்லாவற்றையும் ஊருக்கு வெளியே கொண்டுபோய்க் கொட்ட வேண்டும். அப்புறமும் திரும்ப வந்தால் வீட்டையே இடித்துவிட வேண்டும். பிரசங்கிகள் இந்தப் பக்கம் வந்ததும் சேற்றுத் தெருவில் நடப்பதைப் போல வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தாண்டிப் போய்விடுவார்கள். பேராசிரியர் மட்டும் அங்கேயே பாய் விரித்துப் படுத்துவிட்டார்.

அவர் எழுதிய புத்தகம் தலையணை தடிமன். பக்கத்தின் மேலே இரண்டு வரி இருக்கும். கீழே அடிக்குறிப்பு எறும்புப் புற்றுபோலப் பொங்கி நிற்கும். அதை முழுசாகப் படித்தவர்கள் மூன்று பேர்: அவர், அச்சுப் பிழை திருத்தியவர், அவர்மேல் பொறாமை கொண்ட இன்னொரு பேராசிரியர். ஆனால் அட்டைப்படத்தை எல்லோரும் மெச்சினார்கள். பச்சையும் சிவப்புமாய், நடுவில் குழிந்து, ஓரத்தில் மயிர்மயிராய்ப் பரவிய ஒரு திட்டு. வெளிநாட்டு அறிஞர் ஒருவர், இது எந்த அகழாய்வில் கிடைத்த சுவர் என்று மரியாதையோடு விசாரித்து எழுதியிருந்தார்.

அகழாய்வுமில்லை, ஒன்றுமில்லை. அது பேராசிரியரின் அக்கா படுக்கிற அறைச் சுவர். தலையணைக்கு நேர் மேலே.

அக்கா அந்த ஊர்ச் சபையில் ஆர்கன் வாசிக்கிறவர். வாசிப்பதற்குச் சம்பளம் என்று ஒன்றும் இல்லாததால், ஆலயத்தின் முதுகோடு ஒட்டிக் கட்டிய சின்ன வீட்டைச் சபை அவருக்கு விட்டிருந்தது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. "ஒரு ஆர்கனையே சுருதி சேர்க்க முடியல, இதுல ஆம்பளை வேறயா?" என்பார். வாயைத் திறந்தால் எதிரில் நிற்பவர் ஒரு அடி பின்வாங்குவார். ஆனால் கொஞ்ச காலமாக அந்த வாயிலிருந்து பேச்சைவிட இருமல்தான் அதிகம் வந்தது.

இருமல் என்றால் சாதாரண இருமல் இல்லை. பாட்டின் நடுவே அக்காவுக்கு மூச்சு முட்டும்; விரல்கள் கட்டையில் அப்படியே நிற்கும். ஒரே சுரம் "ஙொய்ங்" என்று நீண்டுகொண்டே போகும். அக்கா இருமி, கர்ச்சீப்பில் துப்பி, பார்த்து, மடித்து வைக்கிறவரைக்கும் சபையார் அந்த ஒரு எழுத்தையே இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். "கர்த்தாவே" என்பதில் "வே" மட்டும் ஒரு ஞாயிற்றுக்கிழமை அறிவிப்புகளைவிட நீளமாகப் போயிற்று. சின்னப் பிள்ளைகள் பாட்டே அப்படித்தான் என்று நினைத்து வீட்டிலும் அந்த இடத்தில் இருமிப் பாடினார்கள்.

டாக்டரம்மா நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, வீடு எப்படிப்பட்டது என்று விசாரித்தார். கேட்டதும் குழாயைக் கழற்றினார்.

"மருந்து நான் தர்றேன். ஆனா அந்தச் சுவர் பக்கத்துல இன்னொரு மழைக்காலம் படுத்தீங்கன்னா, அப்புறம் ஆக்ஸிஜன் சிலிண்டரோடதான் படுக்கணும். ஒண்ணு சுவரைச் சரி பண்ணுங்க, இல்ல வீட்டை மாத்துங்க. துப்பற சளி என்ன நிறம்னு தினம் பாத்து வெச்சு எனக்குச் சொல்லணும்."

மழைக்காலம் வாசலில் நின்றுகொண்டிருந்தது.

அன்று சாயங்காலம் பேராசிரியரும் மனைவியும் அக்கா வீட்டுக்குப் போனார்கள். வாசற்படியிலேயே வாடை மூக்கில் அறைந்தது. ஈரச்சாக்கு, செத்த எலி, பழைய காலுறை, மூன்றையும் ஒரே பானையில் போட்டு மூடி வைத்ததுபோல ஒரு வாடை. பேராசிரியர் வாசனைத் திரவியத்தில் நனைத்த கைக்குட்டையை முகத்தில் கட்டிக்கொண்டு, திருடன் மாதிரி உள்ளே நுழைந்தார். நாற்காலியின் நுனியில் பாதிப் பிருஷ்டத்தை மட்டும் வைத்தார். அக்கா தண்ணீர் கொடுத்தபோது, "இப்பதான் குடிச்சேன்" என்றார். அந்த வீட்டில் அவர் எப்போதும் இப்பதான் குடித்திருப்பார்.

பிறகு அறைச் சுவரைப் பார்த்தார். கண்கள் விரிந்தன.

"அடேயப்பா! அலமாரி வரைக்கும் பரவியிருக்கே! சிவப்பு நல்லா ஏறியிருக்கு. இதத்தான் நான் மூணாம் இயல்ல சொன்னேன்…"

மனைவிக்குப் பொறுக்கவில்லை. "அண்ணியோட உதடு நீலமா இருக்கு. நீங்க சுவரோட நிறத்தைப் பாக்கறீங்க."

"விடும்மா, அவன் சின்ன வயசிலயே அப்படித்தான்," என்றார் அக்கா, இருமலுக்கு நடுவில். "எனக்கு என்ன ஆகிடும்? கர்த்தர் உடம்புல குத்தி வெச்ச முள்ளு. அப்போஸ்தலன் பவுலுக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு."

"அக்கா, பவுலோட முள் என்னங்கறதுல அறிஞர்களுக்குள்ளயே பல அபிப்பிராயம் இருக்கு…"

"அந்தப் பலதுல சுவர் இருக்காடா?"

"இல்ல."

"அப்ப வாயை மூடு."

திரும்பி நடக்கையில் மனைவி சொன்னாள்: "நம்ம வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துடலாம்."

பேராசிரியருக்குத் தன் அறை கண்முன் வந்தது. தூசி துடைத்த அலமாரிகள், வெள்ளை விரிப்பு. அதன் நடுவே அக்காவும் அந்தக் கர்ச்சீப்பும், கட்டிலுக்கடியில் துப்புகிற கிண்ணமும். "புத்தகங்களுக்கு ஈரக்காத்து ஆகாது," என்றார். மனைவி அவரை ஒரு பார்வை பார்த்தாள். ஏடு கட்டிய டீயை அவர் பார்ப்பாரே, அந்தப் பார்வை.

அதனால் அவர் சபைக் கமிட்டிக்குப் போனார்.

கமிட்டித் தலைவர் பெயின்ட்கடைக்காரர். சபையில் எதைத் தொட்டாலும் கையில் அவர் கடைப் பெயின்ட் ஒட்டும். எந்தச் சுவரைப் பார்த்தாலும் அவர் பெயர் போட்ட பலகை தெரியும். கழிவறைக் கதவில்கூட "அன்பளிப்பு" என்று எழுதி அவர் பெயர் இருந்தது. உள்ளே போகிறவர்கள் எல்லோரும் அவரை நினைத்துக்கொண்டார்கள். ஆள் தேனில் ஊறிய மாதிரி பேசுவார். அவர் உள்ளங்கை பாலில் ஊறிய ரொட்டித் துண்டு மாதிரி இருக்கும். அந்தக் கையால் பேராசிரியரின் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

"ஸ்தோத்திரம் பிரதர்! அக்கா வீட்டுச் சுவர்தானே? எனக்குத் தெரியாதா? வருஷா வருஷம் நானே ஒரு கோட்டு அடிச்சுத் தர்றேனே. போன வருஷம் 'கானான் பச்சை'. அதுக்கு முந்தி 'சீயோன் வெள்ளை'. இந்த வருஷம் 'மன்னா கிரீம்'னு புதுசா வந்திருக்கு. அடிச்சா அப்படியே நக்கலாம்போல இருக்கும்."

பேராசிரியர் எச்சில் விழுங்கினார். "பெயின்ட் வேண்டாம். ஈரம் எங்கிருந்து வருதுன்னு சுவரைத் திறந்து பாக்கணும்."

கை விடுபட்டது.

"திறக்கறதா? அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கு தெரியுமா பிரதர்? ஞானஸ்நானத் தொட்டி. எங்கம்மா ஞாபகார்த்தமா நான் கட்டிக் குடுத்தது. அடுத்த மாசம் சபை ஆண்டுவிழா, அம்பது பேருக்கு ஞானஸ்நானம். பரிசுத்தமான இடத்தைக் கடப்பாரை வெச்சு இடிக்கச் சொல்றீங்களா?"

"தொட்டிக்கு உள்பூச்சு ஒழுங்காப் போட்டீங்களா?"

"விசுவாசத்தோட போட்டேன் பிரதர்."

மற்ற உறுப்பினர்கள் தரையைப் பார்த்தார்கள். ஜெபிப்போம் என்றார் ஒருவர். ஜெபித்தார்கள். ஜெபத்திலேயே தலைவர் "அவசரப்படுகிற படிப்பாளிகளுக்குப் பொறுமை தாரும்" என்று ஒரு வாக்கியம் சேர்த்துக்கொண்டார். கண்ணை மூடியிருந்த பேராசிரியருக்கு அந்தக் குரல் காதுக்குள் எண்ணெய் ஊற்றியதுபோல வழவழவென்று இறங்கியது. கழுவ முடியாத இடம்.

எழுந்து வெளியே வந்தபோது சபைப் போதகர் பின்னாலேயே ஓடிவந்தார். மீசை இப்போதுதான் அரும்பியதுபோல முகம்; தலைவரைக் கண்டால் கால் நடுங்கும். "சார், 'வேதமும் அன்றாட வாழ்க்கையும்'னு வீட்டுக்கு வீடு ஒரு வகுப்பு ஆரம்பிக்கிறோம். நீங்க முதல் வகுப்பு எடுக்கணும். கஷ்டமா எதுவும் வேண்டாம் சார். அன்பு, பொறுமை, அந்த மாதிரி. நாளைக்குக் காலையில எழுந்ததும் உபயோகப்படற மாதிரி."

பேராசிரியர் கைக்குட்டையால் கையைத் துடைத்துக்கொண்டே யோசித்தார். மாணவர்கள் அவர் முகத்தில் ஒருநாளும் பார்த்திராத ஒரு குறும்புச் சிரிப்பு வந்தது.

"உபயோகப்படற மாதிரியேதான் எடுக்கறேன். வகுப்பு எங்க அக்கா வீட்டுல. எல்லாரையும் வரச் சொல்லுங்க. தலைவரையும்."

சனிக்கிழமை சாயங்காலம் சபையார் வேதப்புத்தகமும் விசிறியுமாக வந்து சேர்ந்தார்கள். வாடையைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. பக்தியுள்ளவர்கள் அடுத்தவர் வீட்டு நாற்றத்தைக் கவனிக்கிறதில்லை. வாயால் மூச்சு விடுவார்கள். பேராசிரியர் வாசலில் நின்று, கைக்குட்டைக்குள்ளிருந்து பேசினார்.

"இன்னிக்கு லேவியராகமம் பதினாலு. படிக்கறதுக்கு முன்னாடி செய்யணும். ஆசாரியன் உள்ள போறதுக்கு முந்தி வீட்டைக் காலி பண்ணணும்னு சட்டம். காலி பண்ணுங்க."

ஒரு கணம் யாருக்கும் புரியவில்லை.

"எதைக் காலி பண்றது சார்?" என்றார் தையல்காரர்.

"எல்லாத்தையும்."

"பஜ்ஜி சொஜ்ஜின்னு ஏதாவது குடுப்பாங்கன்னு வந்தா, மூட்டை தூக்கச் சொல்றாங்களே," என்று ஒரு தடித்த அம்மா முணுமுணுத்துக்கொண்டே முதல் பாத்திரத்தைத் தூக்கினார்.

அக்காவுக்கு முகம் சிவந்தது. "டேய், என் பழைய பாவாடையெல்லாம் தெருவுக்குக் கொண்டு வந்து கடை விரிக்கறியா? மானம் போகுதுடா."

"அக்கா, இது மானத்தைக் காப்பாத்தற சட்டம்." கைக்குட்டை கொஞ்சம் நழுவியது, அவர் கவனிக்கவில்லை. "ஆசாரியன் பாத்து 'தீட்டு'ன்னு சொல்லிட்டா உள்ள இருக்கற சாமானெல்லாமும் தீட்டாயிடும். சொல்றதுக்கு முன்னாடி வெளிய வந்துட்டா தப்பிச்சுடும். ஏழை வீட்டுல என்ன இருக்கப் போகுது? மண்சட்டி இருக்கும். அந்த மண்சட்டி உடையக் கூடாதுன்னு கடவுள் கவலைப்பட்டாருன்னு அந்தக் காலத்து யூத குருமார் எழுதி வெச்சிருக்காங்க. சுவரைப் பாக்கறதுக்கு முந்தி சட்டியைப் பாக்கறவரு அவரு."

அக்கா தன் சட்டியைத் தானே எடுத்துக்கொண்டு வெளியே போய் உட்கார்ந்தார்.

கட்டில் போயிற்று. பெட்டி போயிற்று. கடைசியில் அலமாரி. நாலு பேர் சேர்ந்து "ஏசுவே!" என்று தம் கட்டி அதை நகர்த்தினார்கள்.

அலமாரி நகர்ந்தது. அதன் முதுகுப் பலகை மட்டும் சுவரோடேயே நின்றது.

பிறகு அது மெல்ல, ஊறின அட்டைபோல, சத்தமில்லாமல் மடிந்து விழுந்தது. பின்னால் இருந்த சுவர் கறுப்பு. கறுப்புக்கு மேல் பச்சை, பச்சைக்கு மேல் சீழ்நிறத்தில் நுரை. பூனை முதுகுபோல மயிர் சிலிர்த்த ஒரு பரப்பு, தொட்டால் மூச்சு விடுமோ என்று தோன்றுகிற பரப்பு. கீழே கரப்பான்களின் முழு வம்சமும் குடும்பப் படம் எடுக்க நிற்பதுபோல வரிசையாக நின்று, வெளிச்சம் பட்டதும் எல்லோருடைய வேட்டிக்கும் சேலைக்கும் ஓடின. தையல்காரர் நாற்காலி இல்லாத இடத்தில் நாற்காலி மேல் ஏறினார். தடித்த அம்மா சொன்ன வார்த்தை வேதத்தில் எந்த ஆகமத்திலும் இல்லை. பெயின்ட் தோல்தோலாக உரிந்து தொங்கியது: பச்சைக்குக் கீழே வெள்ளை, வெள்ளைக்குக் கீழே மஞ்சள், ஒவ்வொரு வருஷத்து அன்பளிப்பும் குஷ்டரோகியின் காதுபோலத் தனித்தனியாக.

போதகர் எட்டிப் பார்த்தார். வாயைப் பொத்தினார். ஓடினார். வெளியே பூச்செடிக்கு நடுவில் அவர் மத்தியானச் சாப்பாட்டை அறிக்கையிடுகிற சத்தம் கேட்டது.

அப்போதுதான் பெயின்ட்கடைக்காரர் வந்தார். ஒரு கையில் பெயின்ட் டின், அதற்குள் செருகிய சுரண்டி. இன்னொரு கையில் ஒரு பை.

"என்ன பிரதர் இது, திருவிழாவா? ஒரு சின்ன கறைக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா? சுரண்டிட்டு மன்னா கிரீம் ரெண்டு கோட்டு விட்டா, நாளைக்கே பளிச்சுன்னு ஆகிடும்."

"மூடி மூடி வெச்சுத்தான் எங்க அக்கா நெஞ்சு வரைக்கும் வந்திருக்கு," என்றார் பேராசிரியர். "வருஷா வருஷம் பாத்தீங்க. பாத்துட்டு வர்ணம் பூசினீங்க. பாக்கறதுக்கே அசிங்கமா இருக்கு, சுவர் இல்ல, நீங்க!"

கூட்டம் "ஆ" என்றது. தலைவர் சிரித்தார். அந்தச் சிரிப்பிலும் ஒரு கோட்டு பெயின்ட் இருந்தது.

"நான் பாத்தேன், சரி. நீங்க?" பைக்குள் கைவிட்டு எடுத்தார். பேராசிரியரின் புத்தகம். சபைக்கு அவர் கையெழுத்திட்டுக் கொடுத்த பிரதி. அலுவலகத்தில் ஜன்னல் அடித்துக்கொள்ளாமல் இருக்க முட்டுக் கொடுத்திருந்தார்கள். "இந்த அட்டையைப் பாருங்க எல்லாரும். பாத்துட்டு அந்தச் சுவரைப் பாருங்க."

தையல்காரர் வாங்கிப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். மறுபடி அட்டையைப் பார்த்தார். "அட, அதே திட்டு! அப்ப சின்னதா இருந்திருக்கு. மேல பாருங்க, காலண்டர் மாட்டற ஆணி. ஆணிகூட அதே ஆணி!"

புத்தகம் கைமாறிக் கைமாறி வாசல் வரை போனது.

"நான் வந்து பெயின்ட்டாவது அடிச்சேன் பிரதர்," என்றார் தலைவர், தேன் சொட்ட. "நீங்க வந்து போட்டோ எடுத்துட்டுப் போனீங்க."

பேராசிரியர் வாயைத் திறந்தார். அதற்குள் வெளியிலிருந்து அக்காவின் குரல் வந்தது. சட்டியை மடியில் வைத்துக்கொண்டு, தம்பியை யாரோ குறை சொல்கிறார்களே என்ற ரோஷத்தோடு பேசினார்.

"எடுத்தா என்னவாம்? திருட்டுத்தனமாவா எடுத்தான்? நான்தானே டார்ச் பிடிச்சேன்! தலையணையை நகத்தி, ஒட்டடை அடிச்சு, எல்லாம் நான்தான். அப்பவும் இந்த எழவு இருமல் வந்துச்சு. 'அக்கா, இருமாத, வெளிச்சம் ஆடுது'ன்னான். மூச்சைப் பிடிச்சுக்கிட்டு அப்படியே நின்னேன். கண்ணு இருட்டிக்கிட்டு வந்துச்சு, இருந்தாலும் ஆடலையே! அதான் படம் அவ்வளவு தெளிவா விழுந்திருக்கு. எங்கெங்கயோ இருக்கறவங்கெல்லாம் அதைப் பாராட்டி எழுதியிருக்காங்க, தெரியுமா உங்களுக்கு?"

அவருக்கு அதில் பெருமை. அதுதான் தாங்க முடியவில்லை.

பேராசிரியர் நின்ற இடத்திலேயே நின்றார். ஆயுள் முழுக்கக் கிளாஸ் விளிம்பிலும் பஸ் கம்பியிலும் தேடிக்கொண்டிருந்த அழுக்கு, சட்டைக்கு உள்ளே பொத்தான் போட்டுப் பத்திரமாக இருந்திருக்கிறது. மனைவியின் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. கைக்குட்டையை அவிழ்த்தார். அதை வைத்துத் துடைக்கிற அழுக்கு இல்லை இது. கீழே போட்டார்.

தலைவரின் டின்னிலிருந்து சுரண்டியை உருவினார்.

பிறகு நடந்ததை இன்றைக்கும் சபையில் கதைகதையாகச் சொல்கிறார்கள். பேராசிரியர் சுவரைச் சுரண்டினார். ஒவ்வொரு இழுப்புக்கும் "உவ்வே", ஒவ்வொரு "உவ்வே"க்கும் இன்னொரு இழுப்பு. பூஞ்சை கொத்துக் கொத்தாய்க் காலருக்குள் விழுந்தது, மூக்குக் கண்ணாடியில் அப்பியது. ஒரு கரப்பான் அவர் காதுவரை வந்து விசாரித்துவிட்டுப் போனது. அவருடைய கை ஒரு ஈரமான குழிக்குள் முழங்கை வரை போனது. அவர் அலறிய அலறலில் அடுத்த தெரு நாய்கள் பதில் சொல்லின. ஆனால் கையை எடுக்கவில்லை. உள்ளே பிஸ்கட்போல நொறுங்கிக் கிடந்த ஒரு செங்கல்லைப் பிடித்து இழுத்தார்.

செங்கல் வந்தது. கூடவே தண்ணீர் வந்தது.

முதலில் ஒழுகல், பிறகு பீச்சல், பிறகு மதகு திறந்த மாதிரி. போன ஆண்டுவிழாவிலிருந்து மாற்றாத தொட்டித் தண்ணீர். பாசியும் முடியும் மிதக்கும் பச்சைத் தண்ணீர். முந்தின வருஷம் அதில் முங்கி எழுந்தவர்களின் பாவமெல்லாம் அங்கேயே தங்கி, பெருகி, கொழுத்திருந்ததுபோல ஒரு நாற்றம். அது அறையை நிறைத்து, வாசலைத் தாண்டி, கூட்டத்தைப் பிளந்துகொண்டு நேராகப் போய்ப் பெயின்ட்கடைக்காரரின் பளபளக்கும் ஷூவுக்குள் இறங்கியது.

"எங்கம்மா தொட்டி!" என்று அலறினார் அவர்.

"இத்தனை நாளா எங்க அண்ணி இதைத்தான் மூச்சா இழுத்திருக்காங்க," என்றாள் பேராசிரியரின் மனைவி.

பேராசிரியர் தொப்பலாக நனைந்து திரும்பினார். தாடையிலிருந்து பாசி தொங்கியது. "போதகர் எங்க? இந்த வீட்டைப் பத்தி நான் சொன்னா செல்லாது. படிச்சவன் சொல்றதுக்குச் சட்டத்துல இடமே இல்ல. ஆசாரியன் வாயால சொல்லணும்."

பூச்செடியிலிருந்து போதகர் வாயைத் துடைத்துக்கொண்டு வந்தார். தலைவர் அவரை முறைத்தார். போதகர் தலைவரைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், தெருவில் சட்டியோடு உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்த அக்காவைப் பார்த்தார். அவர் வயிற்றில் இருந்த பயமும் பூச்செடியோடு போயிருக்க வேண்டும்.

"தீட்டு," என்றார். குரல் கீச்சென்று வந்தது. மறுபடி, சத்தமாக: "இந்த வீடு தீட்டு. அக்கா இனிமே இதுல படுக்கக் கூடாது. தொட்டியை எடுக்கற வரைக்கும் யாரும் படுக்கக் கூடாது. நான் சொல்றேன்."

சரி, அக்கா எங்கே படுப்பது? கட்டிலும் பெட்டியும் தெருவில் கிடந்தன. மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. சபையார் சட்டென்று கைக்கடிகாரம் பார்த்தார்கள். எங்க வீட்டுல இடம் இருந்தா உடனே கூட்டிட்டுப் போயிடுவேன் என்றார் பெரிய வீட்டுக்காரர் ஒருவர். ஜெபத்தில் தாங்குவோம் என்றார்கள் பலர். தாங்கிக்கொண்டே நழுவினார்கள். பேராசிரியருக்கு அவர்கள்மேல் குமட்டியது. ஆனால் அவர்கள் சொல்கிற ஒவ்வொரு சாக்கும் அவர் ஏற்கனவே சொன்ன சாக்கு. எல்லாவற்றிலும் அவர் எச்சில் இருந்தது.

"என் ரூமுக்கு," என்றார்.

"புத்தகமெல்லாம்?" மனைவி கேட்டாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"ஹால்ல கிடக்கட்டும்."

"அந்தக் கிண்ணம்?"

அவர் தாடையில் தொங்கிய பாசியைப் பிடுங்கி எறிந்தார். "அதுவும்தான்."

"நான் வரல," என்றார் அக்கா. "ஒவ்வொரு டம்ளரையும் மோந்து பாக்கற வீட்டுல நான் எப்படி இருமறது?"

"இருமு அக்கா." அவர் அக்காவுக்கு முன்னால் ஈரத்தெருவில் குந்தினார். "எவ்வளவு வேணும்னாலும் இருமு. வெளிச்சம் ஆடினா ஆடட்டும்."

அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தார். "முதல்ல போய்க் குளிடா. நாறற."

தொட்டியைப் பற்றிக் கமிட்டி இன்னும் விவாதித்துக்கொண்டிருக்கிறது. ஆண்டுவிழா ஞானஸ்நானத்தைப் பக்கத்துச் சபையில் கடன் வாங்கி நடத்தினார்கள். இடிந்த சுவருக்கு முன்னால் தலைவர் பெயர்ப்பலகை மட்டும் கோணலாக நிற்கிறது. அதற்கு மட்டும் புது வர்ணம் அடித்திருக்கிறார்கள்.

பேராசிரியரின் வீட்டில் மழைக்காலம் நடக்கிறது. வெள்ளை விரிப்பில் கறை விழுந்தாயிற்று. அலமாரி இருந்த இடத்தில் கட்டில், கட்டிலுக்குக் கீழே கிண்ணம். காலையில் எழுந்ததும் அவருக்கு முதல் வேலை அதுதான். மூச்சை அடக்கிக்கொண்டு கிண்ணத்தை எடுப்பார். பழகிவிட்டது என்று சொல்லத்தான் ஆசை, ஆனால் பழகவில்லை. தினமும் அதே குமட்டல், தினமும் கண்ணில் தண்ணீர். ஜன்னலருகே கொண்டுபோய், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, வெளிச்சத்துக்கு நேரே சாய்த்துச் சாய்த்துப் பார்ப்பார். பச்சையா, சிவப்பா, பரவியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா. அந்த நிறங்களை அவரைவிட நுட்பமாகப் பார்க்கத் தெரிந்தவர் உலகத்திலேயே கிடையாது.

"என்னடா, இன்னிக்கு என்ன நிறம்?" என்று கட்டிலிலிருந்து குரல் வரும்.

"இரு அக்கா, பாக்கறேன்… நேத்தைவிட வெளுப்பு. பச்சை கொஞ்சம்தான் இருக்கு. உவ்வே."

"இதையும் புத்தகத்துல போடப் போறியா?"

பேராசிரியர் கிண்ணத்தைக் கொட்டி, கழுவி, முகர்ந்து பார்த்து, மறுபடி கழுவி, டாக்டரம்மாவுக்குப் போன் போடப் போவார்.